அட்டை முனை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பழைய புத்தகங்கள் விற்கும் கடையில்தான் அந்த டீச்சரைப் பார்த்தேன். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வாசிப்பு நேரம் அவர் பொறுப்பு என்று கடைக்காரர் சொன்னார். நரைத்த கொண்டை, தோளில் கனத்த துணிப்பை. சிறுவர் புத்தகம் எதை எடுத்தாலும், திறப்பதற்கு முன் அதன் அட்டை முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“என்ன டீச்சர் பாக்குறீங்க?” என்று கேட்டேன்.

“கூரா இருக்கான்னு பாக்குறேன். போன வருஷம், அடிச்சிக்கக் கூடாதுன்னு ஒரு கதை வாசிச்சுக் காட்டினேன். கிளாஸே அழுதுச்சு. பெல் அடிச்சதும் ஒருத்தன் அதே புத்தகத்தால இன்னொருத்தன் நெத்தியக் கிழிச்சிட்டான். கிளினிக்ல தையல் போட்டாங்க.”

“அப்புறமும் வாங்குறீங்களே?”

“வாசிக்கிற நேரத்துல மட்டும் யாரும் யாரையும் அடிக்கிறதில்ல லா. மாறிடுவாங்கன்னு நெனச்சதெல்லாம் முந்தி.”

கடைசியாக, சண்டை போட்ட இரண்டு யானைகள் சமாதானமாகும் படக்கதை ஒன்று அவர் கையில் கிடைத்தது. அதை மட்டும் முனையைத் தொடாமலே திறந்து, நின்றபடி முழுவதும் படித்தார். ஓர் இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். மூடிய பிறகுதான் விரல் முனைக்குப் போனது. கெட்டி அட்டை, கூரான முனை.

“நல்ல புத்தகம்,” என்று சொல்லி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

என் பிள்ளைகள் இருவருக்கும் கொடுக்கலாம் என்று அதை நான் வாங்கி வந்தேன். இன்னும் கொடுக்கவில்லை. அவர்கள் கைக்கு எட்டாமல் அலமாரியின் மேல் இருக்கிறது.