கலேவெலைக்குக் கொண்டுபோன முடிவு

சிறுநீரக நோயாளிகளின் மரபணுத் தரவுகளை அலசுவதுதான் என் கலாநிதிப் பட்ட ஆய்வு. அதற்காகக் கலேவெலை என்ற ஊரில் இரத்தம் கொடுத்தவர்களில் ஒருவர் நசீர் நானா, நான் அண்ணன் முறை வைத்து அழைத்த நெல் விவசாயி. ஊசி குத்தியபோது ஒன்றே ஒன்று கேட்டார்: "எங்கட வாப்பாவுக்கும் இந்தக் கிட்னி வருத்தந்தான், மிஸ். மகளுக்கும் வருமா?"

"ஆய்வு முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன்" என்றேன்.

பல வருடங்கள் கணினி முன்னால் கழிந்தன. மாதிரிகள் போதவில்லை, தெளிவாக எதுவும் வரவில்லை. அதை முறையாக எழுதியதற்கே எனக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வுத் திட்டத்தையும் மூடிவிட்டார்கள். சொன்ன சொல்லுக்காகப் பஸ் ஏறினேன்.

நானா பாதியாக இளைத்திருந்தார்.

"மகளுக்கு வருமா வராதான்னு எங்களால கண்டுபிடிக்க முடியல, நானா. இரத்தம் கொடுத்த ஆட்கள் போதல."

"உங்கட படிப்பு முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக் கையை நீட்டினாள்.

"அப்ப என்ட இரத்தத்தையும் எடுங்க, மிஸ். ஆள் கூடினா தெரிய வருந்தானே?"

என் பையில் ஊசி இல்லை. எடுத்தாலும் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆய்வகம் இல்லை. அதைச் சொன்ன பிறகும் அவள் கையை உடனே மடக்கவில்லை.

வேறோர் ஆய்வில் சேரும்படி பேராசிரியர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்னொருவர் வீட்டுக்குப் போய் இரத்தம் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.