விமானத்தின் கோணல் வால்

என் கணவர் சேலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். அதை மூடிவிட்டுக் கொல்லிமலைக்குத் திரும்பியபோது, இனி மிளகுக் கொடியைப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ மிளகு காயப்போடும் கொட்டகையில் விமானம் கட்ட ஆரம்பித்தார். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் சின்ன விமானம். பாகங்கள் பெட்டி பெட்டியாக லாரியில் மலையேறி வந்தன. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிப்பது அவர் வேலை, பிடித்துக்கொள்வது என் வேலை.

இறக்கைகளை மாட்டினோம். சீட்டும் போட்டோம். வாலில்தான் சிக்கிக்கொண்டோம். பின்னால் குறுக்கே வரும் வால் பலகை இறக்கையோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமாம். கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கிற டியூபைச் செம்மேட்டில் வாங்கி வந்தார். தினமும் காலையில், ஸ்டூல்கள்மேல் நிற்கும் இறக்கைக்கு அடியில் ஆப்பு செருகி அதை மட்டமாக்குவார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து வாலைப் பார்ப்போம். இடப்பக்கம் தாழ்ந்திருக்கும். ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்து, அந்தப் பக்கம் மெல்லிய தகடு வைத்து மறுபடி அடிப்பார். மறுநாள் காலையில் இறக்கையை மட்டமாக்கியதும் அதே பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். தகட்டை எடுப்பார். மத்தியானம் மறுபடி தாழ்ந்துவிடும்.

"டியூபை ஆட்டாமப் புடி."

"நான் ஆட்டலீங்க. உங்க ஏரோப்ளேன்தான் ஆடுது."

அதற்குப் பிறகு இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. வெயிலில் அலுமினியம் நீளுகிறது என்று அவராகவே முனகிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டைப் பாதியில் விட்டு, வாசலில் காய்ந்த மிளகை அள்ளிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். உள்ளே, விமானத்தின் இடது சீட்டில் என் மாமனார் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா! இதுல ஏனுங்க ஏறுனீங்க?"

நிதானமாகக் கண்ணைத் திறந்தார். "சீட்டுப் போட்டாச்சே கண்ணு, வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். தெனமும் நீங்க சாப்புடப் போனதும் வந்து சாஞ்சுக்குவேன். இடுப்பு வலியே தெரியறதில்ல."

குனிந்து பார்த்தேன். இடது இறக்கையைத் தாங்கிய ஸ்டூலின் கால்கள் மண் தரையில் இறங்கியிருந்தன. வாலில் கோணலே இல்லை. அவர் ஏறும்போதெல்லாம் விமானமே சாய்ந்திருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் மிளகு பாதி கீழே கொட்டிவிட்டது.

பின்னாலேயே ஓடிவந்த என் கணவர் சிரிக்கவில்லை. ஸ்டூல்களுக்கு அடியில் பலகைக்கல் பதித்தார். "எறங்குங்கப்பா, மட்டம் பாக்கணும்."

"ஆளில்லாம மட்டம் பாத்து என்ன பண்ணுவ? பறக்கறப்ப ஆளிருக்குமில்ல?"

மாமனார் இறங்க மறுத்ததுகூடப் பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் ஆள் இருந்தால் பாரம் சரிவராது, சம்பந்தியையும் கூட்டி வா என்றார். என் கணவர் வேறு வழியில்லாமல், மலையிலேயே இருக்கும் தேவனூர் நாட்டுக்கு வண்டியில் போய் என் அப்பாவை அழைத்து வந்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலது சீட்டில் ஏறினார்.

"ரெண்டு பேரும் அசையாதீங்க. மூச்சை இழுத்துப் புடிங்க!"

"விட்டா கீழ எறங்கிருமாங்க மாப்ள?" என்று அப்பா கவலையோடு கேட்டார்.

டியூபின் இரு முனையிலும் தண்ணீர் சரியாக நின்றது. தகடு இல்லாமலே என் கணவர் கடைசி ரிவெட்டை அடித்தார். முடிந்தது என்று சொன்னோம். இருவரும் இறங்கவில்லை. சாயங்காலக் காபியை இறக்கைக்கு மேலே எட்டித்தான் கொடுத்தேன்.