நாலாவது பெண்ணும் சிவப்புக் கம்பளியும்

என் பெட்டியில் ஒரு சிவப்புக் கம்பளி இருக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்துவிட்டது. வாலாஜாபேட்டைப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியை மூடி, கட்டில் பெஞ்சுகளை ஏலம் விட்டபோது நானே போய் இதைக் கேட்டு எடுத்து வந்தேன். "ஊர்ல கம்பளியே கெடைக்கலியா? சீக்காளிங்க போத்தினதத்தான் எடுத்தாரணுமா?" என்று என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். நான் கம்பளியை மடித்துப் பெட்டியில் வைத்தேன். காரணம் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வார்த்தை தடித்துவிடும். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டுமென்று நான் ஆசைப்படவும் இல்லை.

அப்போது நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு மார்கழியில் நிமோனியா கண்டு அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சுரம் விட்டிருந்ததே தவிர, தலையைத் தூக்கத் தெம்பில்லை. அந்தச் சமயம் பார்த்து நர்ஸ் படிக்கிற பெண்களுக்குப் பரீட்சை வந்தது. சென்னையிலிருந்து பரீட்சை அதிகாரியாக ஒரு துரைசானி வந்திருந்தாள். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியை, கட்டில் நனையாமல் குளிப்பாட்டிக் காட்ட வேண்டும். என்னைவிடத் தெம்பான பெண்கள் வார்டில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் தோல் ஷாப்பில் கூலி வேலை செய்கிறவர்கள். தோல் பதனிடுகிற இடத்தின் வாடை எத்தனை சோப்பு போட்டாலும் உடம்பை விட்டுப் போகாது. துரைசானிக்குக் குமட்டும் என்று மேட்ரனுக்குப் பயம். "டீச்சரம்மாதான் நீட்டா இருக்காங்க" என்று என்னைக் கை காட்டிவிட்டாள். உனக்குச் சம்மதமா என்று என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

நானும் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவள்தான். பரீட்சையே கூடாது என்று சொல்ல வரவில்லை. முதலில் வந்த பெண் அருமையாகச் செய்தாள். முழங்கையை நனைத்துத் தண்ணீரின் சூடு பார்த்தாள். ஒரு கையைக் கழுவி, துடைத்து, மூடிய பிறகுதான் அடுத்த கையைத் திறந்தாள். படிக்காமல் அந்தப் பக்குவம் வராது. ஆனால் அவள் முடித்த கையோடு இரண்டாவது பெண் வெந்நீர்ப் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மறுபடியும் முகம், கை, முதுகு, கால். அப்புறம் மூன்றாவது பெண். கழுவின உடம்பையே கழுவினார்கள். துரைசானி விரிப்பின் மூலை மடிப்பைப் பார்த்தாள். தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். என்மேல் கிடந்த போர்வை ஈரமாகி, எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. "குளுருதம்மா" என்றேன். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, பரீட்சை நடக்குதில்ல?" என்றாள் மேட்ரன். அடிப்பாவி! நான் செத்தால்கூடப் பரீட்சை முடிந்த பிறகு சாகச் சொல்லியிருப்பாள்.

நாலாவதாக வந்தவள் பேரணாம்பட்டுப் பெண். அவளுடைய அப்பா தோல் ஷாப்புக் கூலி. இந்தப் பரீட்சையில் தேறி அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். அது வார்டுக்கே தெரியும். வந்தவள் பேசினைக் கீழே வைத்தாள். தண்ணீரைத் தொடாமல் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, காலு இப்படி ஜில்லுனு கீது!" என்றவள் மேட்ரன் பக்கம் திரும்பி, "இவங்கள இன்னொரு தபா குளிப்பாட்ட மாட்டேன்மா" என்றாள். "பேஜார் பண்ணாதடி, மார்க்கு போய்டும்" என்று மேட்ரன் பல்லைக் கடித்தாள். துரைசானி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். எதிரில் ஒரு காலிக் கட்டில், துரைசானியின் பார்வைக்கென்றே ஜோடித்து வைத்தது. அதன்மேல் சுருக்கமில்லாமல் மடித்த சிவப்புக் கம்பளி; யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. அந்தப் பெண் விறுவிறுவென்று போய் அதை உருவி வந்தாள். ஈரப் போர்வையைத் தள்ளிவிட்டு என்னைக் கழுத்துவரை போர்த்தினாள். வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்தாள். சூடாகக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவள் ஃபெயில். சொன்னதைச் செய்யவில்லையாம், ஜோடித்த கட்டிலைக் கலைத்துவிட்டாளாம். எழுந்து நடமாட முடிந்ததுமே மேட்ரனிடம் போய்ச் சண்டை போட்டேன். "படுத்துக் கெடந்தவ நான். என்னைக் கேளுங்க. அவ மட்டும் இல்லன்னா எனக்கு மறுபடி ஜன்னி கண்டிருக்கும்" என்றேன். "நோயாளிங்கள கேட்டா மார்க் போட முடியும்?" என்று அவள் சிரித்தாள். பின்னே யாருக்காகவாம் இந்தப் படிப்பு? கட்டில் விரிப்புக்காகவா?

மறு வருஷம் வரை அந்தப் பெண் வார்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு கிடந்தாள். மறுபடி பரீட்சை வந்தபோது, நானே போய் நோயாளியாகப் படுத்துக்கொள்கிறேன் என்றேன். எனக்குத் தலைவலிகூட இல்லை. காலையில் வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் போனேன். அவள் புத்தகத்தில் உள்ளபடி ஒன்றுவிடாமல் செய்தாள். அதே துரைசானி தலையை ஆட்டி ஆட்டி ரசித்தாள். பாஸ்! சாகக் கிடந்தவளைக் காப்பாற்றினதற்கு ஃபெயில். குளித்துவிட்டு வந்தவளைக் குளிப்பாட்டினதற்குப் பாஸ். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், போன வருஷமும் இங்கே கிடந்தவள் நான்தான் என்றேன். துரைசானி என்னை உற்றுப் பார்த்தாள். "அப்படியா? ஞாபகம் இல்லையே" என்றாள். பொய் சொல்லவில்லை அவள். அன்று நாலு பெண்கள் வந்து போகிறவரை என் கட்டிலருகிலேயே நின்றவளுக்கு என் முகம் தெரியவில்லை. நான் மேலும் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் என்னை வெளியே இழுத்து வந்துவிட்டாள். "வுடுங்க டீச்சரம்மா, பாஸ் ஆய்ட்டேன் இல்ல?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்காகத்தான் அன்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அவள் ஆம்பூரில் பேர்சொல்லும் நர்ஸ். போன மாதம் எனக்குச் சுரம் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். நர்ஸ் படிக்கிற என் அண்ணன் மகள் அவளுக்கு முன்னால் தன் திறமையைக் காட்ட எண்ணி, சுரமானியை ஒரு கையிலும் புத்தகத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு பாடம் ஒப்பித்தாள். வந்தவளும் பொறுமையாகக் கேட்டாள். தப்பொன்றும் இல்லை என்றும் சொன்னாள். கேட்டுக்கொண்டே என் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஜில்லுனு கீதே" என்று முணுமுணுத்துவிட்டு, பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்புக் கம்பளியை எடுத்து உதறி, என் கழுத்துவரை போர்த்திவிட்டாள்.