சரோஜாவுக்கு வலிப்பு வரக் காத்திருந்த நாட்கள்

அறை முழுக்க நகப்பூச்சு மாதிரி ஒரு வாசனை... என் மனைவி சரோஜாவின் தலையில் ஒயர்களை ஒட்டிய பசை அது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மூளையின் அலைகளை இரவு பகலாகப் பதிவு செய்ய ஒரு மெஷின், எதிர்ச் சுவரில் கேமரா. வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் சரியான மாத்திரை தரமுடியும் என்றார் டாக்டர். அது வரட்டும் என்று பழைய மாத்திரையையும் குறைத்துவிட்டார்.

எங்கள் ஊர் ஆரணியில் கல்யாண வீடு, கடைத்தெரு என்று பார்க்காமல் வந்த வலிப்பு, இங்கே வரவே இல்லை. அதற்குப் பயந்து, பக்கத்திலிருக்கும் சேவூருக்குக்கூட அவளைத் தனியாக அனுப்பியதில்லை. அப்படிப்பட்ட நான், வந்து தொலையேன் என்று நினைக்க வேண்டியதாயிற்று. வந்தால் அழுத்தச் சொல்லி ஒரு பட்டன் கொடுத்திருந்தார்கள். தவறி அழுத்திவிடுவேனோ என்று அதைத் தொடவே பயம் எனக்கு.

"தலை அரிக்குது, சொறியக் கூடாதாம். எத்தினி நாள்ங்க இப்படி பொம்மை மாதிரி உக்காந்துகினு இருக்கறது?" என்பாள் சரோஜா.

துணைக்கு வந்த அவள் அக்கா வேறு... "வூட்டுல கூப்பிடாமயே வரும். இங்க ரூம் வாடகை குடுத்து கூப்பிடறோம், வரமாட்டேங்குது."

ஒரு காலை டாக்டர் வந்து கேட்டார். "ஏன் சார் பட்டனே அழுத்தல? மூணு தடவை வந்திருக்கே."

கம்ப்யூட்டரில் காட்டினார். சரோஜா ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முந்தானையைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. பக்கத்தில் அலைகள் தாறுமாறாக ஏறி இறங்குகின்றன. அருகிலேயே நான், பேப்பர் படித்துக்கொண்டு...

"இதுவா டாக்டர்? சின்ன வயசுலேர்ந்து பட்டு இழைய முறுக்கி முறுக்கி சேர்த்த கை. எங்க தெருவுல எல்லா பொம்பளைங்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு," என்றாள் அக்கா.

"அப்ப கூப்பிட்டா திரும்பிப் பாப்பாங்களாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். சரோஜா திரும்ப மாட்டாள். வேலை நினைப்பு என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். கீழே விழுந்தால்தான் எங்களுக்கு அது வலிப்பு.

மாத்திரையை மாற்றினார்கள். உடனே கேட்கவில்லை, வலிப்பு மெல்ல மெல்ல நின்றது.

இப்போதெல்லாம் செல்போனில் வீடியோ எடுத்துப்போய்க் காட்டுகிறார்கள். அன்றைக்கு எங்களிடம் அப்படி ஒரு செல்போன் இருந்திருந்தாலும் நாங்கள் எடுத்திருப்போமா, சந்தேகம்தான். பழக்கத்தை யார் படம் எடுப்பார்கள்?

போன வாரம் சரோஜா தனியாக டவுன் பஸ் ஏறிச் சேவூரில் அக்கா வீட்டுக்குப் போனாள், எங்கள் வீட்டுச் சாவியோடு. பூட்டிய கதவின் முன் நின்று நான் போன் செய்தால் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்து, "பேஜார் பண்ணாதீங்க, அக்காவோட பேசிகினு இருக்கேன்," என்றாள்.

அப்படி ஒரு கோபம் வந்தது. வாசல்படியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது... அவள் போனை எடுக்காத அவ்வளவு நேரமும் எனக்குச் சாவியைத் தவிர வேறு எதுவுமே தோன்றவில்லை. வலிப்பு வந்துகொண்டிருந்த நாட்களில் அவள்மேல் இப்படி வெறுமனே கோபப்பட எனக்கு வாய்த்ததே இல்லை.