துண்டு பத்திரம்

ஆசிரியை வேலைக்கு எனக்கு வந்த கடிதத்தில், திங்கட்கிழமை நண்பகலுக்குள் வந்து பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடம் நானுஓயா ஸ்டேஷனிலிருந்து நாலு மைல் தள்ளி, ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள். பஸ் கிடையாது. அதனால்தான் ஹட்டனில் சைக்கிளோடு ரயிலேறப் போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் சைக்கிள் ஓட்டிய முதல் பெண்ணும் நான்தான். இரண்டிலும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அன்று தூறல். சைக்கிள் சீட் நனையாமல் இருக்க, வழியனுப்ப வந்த அப்பா தன் தலைத்துண்டை அவிழ்த்து அதன்மேல் கட்டியிருந்தார்.

சைக்கிள் கார்ட் பெட்டியில்தான் போகும். பார்சல் கிளாக்கர் சிங்களவர். எனக்கு முன்னால் நின்றவர்கள் சீட்டில் கைநாட்டு வைத்தார்கள். நான் முழுப்பெயரையும் எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தேன். அவர் சீட்டைக் கிழித்து என்னிடம் கொடுத்து, சைக்கிள் பக்கம் கையை நீட்டினார்.

"நங்கி, தங்கச்சி, துண்டு பத்திரம். அங்க துண்டு காட்டினாத்தான் சைக்கிள் குடுக்கும்."

அப்பா என் காதோரம் குனிந்தார். "இந்தக் காகிதத்தச் சொல்றாரோ என்னவோம்மா?"

"நீங்க சும்மா இருங்கப்பா. அவரு சொல்றது எனக்கு வெளங்குது."

அடையாளத்துக்குத்தான் துண்டைக் கேட்பார்கள் என்று முடிவு கட்டினேன். துண்டை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டேன். காகிதம் சைக்கிளின் விலாசம்தானே என்று அதை சைக்கிள் இருக்கைக்கு அடியில் கம்பிச்சுருளில் செருகிவிட்டேன். அப்பா தலையாட்டினார். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். புகை உள்ளே வந்தது. நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

நானுஓயாவில் இறங்கும்போது மணி பத்தரை. அங்கிருந்த கிளாக்கர் தமிழர்.

"துண்டு எங்கம்மா?"

எடுத்து நீட்டினேன். அவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குளிக்கவா வந்தீங்க?"

"ஹட்டன்ல இதத்தாங்க பத்திரமா வச்சுக்கச் சொன்னாங்க."

"அட கடவுளே! சிங்களத்துல துண்டுன்னா சீட்டும்மா. சீட்டு எங்க?"

சைக்கிளைக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூட்டை தூக்க வந்தவர்களும் கூடிவிட்டார்கள்.

"துண்டு சைக்கிள் கையில இருக்கு. அப்ப சைக்கிள்தான் கையெழுத்துப் போட்டு இந்தம்மாவ எடுத்துட்டுப் போகணும்!" என்று கிளாக்கர் அவர்களிடம் சொன்னார்.

எனக்குக் காது சுட்டது. ஸ்டேஷன் கடிகாரம் பத்து ஐம்பதைக் காட்டியது.

"ஐயா, பன்னண்டு மணிக்குள்ள நான் பள்ளிக்கூடத்துல இருக்கணும். முத நாளு. போகலன்னா வேல வேற ஆளுக்குப் போயிரும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "சீட்டு ஆள் கையில வரணும், அதான் சட்டம். சைக்கிள் உங்களதுன்னு நான் எப்படி நம்புறது?"

"சீட்டுல என் கையெழுத்து இருக்குங்க. இங்கயும் போட்டுக் காட்டுறேன்."

ஒரு தாளைத் தந்தார். முழுப்பெயரையும் எழுதினேன். கோட்டையும் இழுத்தேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அந்தக் கோட்டுக்காகவே விடலாம். ஓடுங்க டீச்சர்!"

என்னை முதலில் டீச்சர் என்று கூப்பிட்டவர் அவர்தான்.

ஏற்றத்தில் தள்ளினேன், இறக்கத்தில் பறந்தேன். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், "ஏ புள்ள, சைக்கிள் ஒன்ன ஓட்டுதா, நீ சைக்கிள ஓட்டுறியா?" என்று கத்தினார்கள். பதில் சொல்ல நேரமில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றேன். அப்பாவின் துண்டு என் கழுத்தில் இருந்தது. தலைமையாசிரியர் பதிவேட்டைத் திறந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"துண்டு கொண்டாந்தீங்களா?"

பையில் கடிதத்தைத் தொட்டுக்கொண்டு, இந்தத் தடவை கேட்டே விட்டேன்.

"எந்தத் துண்டுங்க, சார்?"