தம்பியிடம் சொல்ல முடியாத வலி

இந்தத் துர்கா பூஜைக்குக் கரூரிலிருந்து என் அக்கா வந்திருந்தார். பந்தல்களைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. பவானிபூரில் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“வாயுடா... தானா சரியாயிடும்.”

சரியாகவில்லை. பாலிகஞ்ச் பக்கம் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான். டாக்டரம்மாவுக்கு வங்காளமும் ஆங்கிலமும். நடுவில் நான் — இந்த ஊரிலேயே பேங்க் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். மொழிபெயர்க்க வேறென்ன தகுதி வேண்டும்?

சாப்பாடு, காய்ச்சல், சுகர் வரை சுலபமாகப் போனது. அடுத்த கேள்வியில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு ஏதும் உண்டா?

வார்த்தை தெரியாமலில்லை. என்னைத் தூக்கி வளர்த்த அக்காவிடம் அதை எப்படிக் கேட்பது?

“வேற ஏதாவது தொந்தரவு இருக்காக்கா?”

“ஒண்ணுமில்லடா.” அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனில் யாரையோ கூப்பிட்டார்.

வந்தவர் ரீனா என்ற வங்காளிப் பெண். மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளர். வாயைத் திறந்தால்... தமிழ்! தன் அம்மாவின் சிகிச்சைக்காக வேலூரில் நெடுநாள் தங்கியபோது, பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கற்றுக்கொண்டாராம்.

“தாதா... அண்ணா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நாங்க பொம்பளைங்க பேசிக்கிறோம்.”

கதவு சாத்தப்பட்டது. அப்புறம் அக்காவின் அழுகை கேட்டது.

வெளியே வந்த ரீனா சொன்னார்: “அக்கா சொல்லச் சொன்னாங்க, அதான் சொல்றேன்.”

மாதக்கணக்கில் ரத்தப்போக்காம். அத்தானிடம்கூடச் சொல்லவில்லையாம். பரிசோதித்ததில் கருப்பையில் புற்றுநோய் — நல்லவேளை, ஆரம்ப நிலை. ஆபரேஷன் முடிந்தது. அக்கா பிழைத்துக்கொண்டார்.

இரண்டு மொழி தெரிந்தால் போதுமா? ரத்த சொந்தத்திடம் சொல்ல வாய் வராததை, முன்பின் தெரியாத ஒருவரிடம்தானே கொட்ட முடிகிறது! ரீனாவுக்கும், அவரை வேலைக்கு வைத்தவர்களுக்கும், அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த முகம் தெரியாத அந்த வேலூர்ப் பெண்களுக்கும் என் நன்றி.

அக்கா இப்போது கரூரில் சௌக்கியம். ரீனாவோடு அடிக்கடி போனில் மணிக்கணக்காகப் பேச்சு.

அப்படி என்னதான் பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

“அதெல்லாம் உனக்கெதுக்குடா?”