வெள்ளம் புகுந்த கார்

என் காருக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது என்று நம்பி, பழனி ரோட்டில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலறிய மகாவீரன் நான்.

திண்டுக்கல்லில் வீட்டு வாசலிலேயே நின்று துருவேறிய பழைய கார். கிழிந்த சீட்டுகளுக்கு நானே புது ஸ்பாஞ்சு வைத்து ரெக்சின் தைத்தேன். வெடித்திருந்த தரையை வெட்டி எடுத்து, தகரம் வைத்து வெல்டிங்கும் அடித்தேன். மனைவி செல்விக்கு நம்பிக்கையில்லை.

"பழனி போயிட்டு வருவோம். வழியில என் கால் நனைஞ்சுச்சுன்னா, மறுநாளே இது பழைய இரும்புக் கடைக்குத்தான்."

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மழை. ரோட்டில் தேங்கிய தண்ணீருக்குள் வண்டி குலுங்கி இறங்கியது. என் குதிகால் ஜில்லென்றது.

"முருகா! தரை பிளந்திருச்சு! செல்வி, காலைத் தூக்கு!"

ஓரங்கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்திறங்கி, சேற்றில் மண்டிபோட்டு அடியில் பார்த்தேன். வெல்டிங் வைத்தது வைத்தபடி இருந்தது.

நான் நிரப்பிப் பின் சீட்டில் வைத்திருந்த தண்ணீர் கேனை, செல்வி காலியாகத் தூக்கிக் காட்டினாள்.

"ஏங்க, தரையை அடைச்ச மனுசனுக்கு இந்த மூடியை அடைக்கத் தெரியலையா?" சிரித்தவள், குனிந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணி கொட்டியும் ஒரு சொட்டு கீழ இறங்கலையே!" என்றாள்.

இறங்கவே இல்லை. அவ்வளவையும் டம்ளரால் மொண்டுதான் வெளியே ஊற்றினோம்.